கவலையீனம் என்றொரு சொல்

அன்பான தம்பிக்கு,

போன கிழமை நீ தொலைபேசி எடுத்தபோது கூறைச் சேலையின் நிறம் பற்றித்தான் முதலில் கதைத்தாய். அரக்கு வேண்டாமாம், மணப்பெண்ணுக்கு மாதுளம்பூ நிறம்தான் பிடித்திருக்கிறதாம் என்றாய். நானும் சந்தோசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, நடுவில் ஏதோ ஞாபகம் வந்தவனைப் போல, உன்னுடைய கட்டட வேலைத்தளத்தில் மூன்றாம் மாடிப் பலகை சரிந்து ஒருவன் விழுந்துவிட்டான், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம் என்று சொன்னாய். "பாவம்தான். ஆனா அவன் கவனமா நிக்கேல்லை, அவன்ரை கவலையீனம் அம்மா. நாங்கள் என்ன செய்யிறது?" என்றாய். உடனே மண்டபம், சாப்பாடு என்று கதை மாறிவிட்டது. நான் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கவலையீனம் என்று நீ சொன்ன அந்தச் சொல்லை நான் முன்பு ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நாங்கள் உனக்குச் சொன்னதே இல்லை. என்னுடைய இடது முழங்கை வளைந்திருப்பது ஸ்கூட்டரில் விழுந்ததால் என்றுதான் இவ்வளவு காலமும் நீ நினைத்திருக்கிறாய். நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது? இப்போது நீ கல்யாணம் செய்யப்போகிற ஆள். உன் சொல்லைக் கேட்டு உயரத்தில் ஏறுகிறவர்கள் பலர். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

எங்கள் ஆட்கள் தீபகற்பத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, குளத்து நீரை நம்பி நெல் விதைத்தவர்கள். நான் சட்டம் படித்துவிட்டு அங்கேதான் காணி உறுதி, எல்லைச் சண்டை, வாய்க்கால் தகராறு என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி அங்கே நீதிமன்றங்கள் பூட்டுப்பட்டதும், அப்பாவும் நானும் வவுனியாவுக்கு வந்து குருமன்காட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நீ அங்கேதான் பிறந்தாய். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பு. எனக்கு அங்கேயும் காணி வழக்குகள்தான். ஊர் முழுக்க ஆமி, பாஸ், சோதனை. அதற்கு மேலே ஆயுதம் வைத்திருந்த ஒரு குழுவின் பெடியள் கடைகளுக்குள் புகுந்து காசு கேட்பதும், ஆட்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். றோட்டுக் கரையில் பிரேதம் கிடந்தால் சனம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போகும். நானும் அப்படித்தான் போனேன். யாருடைய சண்டைக்குள்ளும் போகாமல் பிள்ளையை வளர்த்தால் போதும் என்றிருந்தேன்.

உனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்த கிழமை அது. முற்பகலில் உன்னை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தேன். ஒரு உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வாசலுக்குள் வந்து நின்றது. பெட்டிக்குள் உமிக்கு மேலே ஓர் இளம் பெண் கிடந்தாள். வலது தோளில் ஈரச் சாக்கைச் சுற்றி, அதை ஒரு மனிதன் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். இரத்தம் உமியோடு குழைந்து அவனுடைய இடுப்புச் சாரமெல்லாம் களியாக ஒட்டியிருந்தது. அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டு ஓடினார்கள். பின்னால் வந்த இன்னொருவன் ஓர் அரிசிச் சாக்கை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டான். சிற்றூழியர் ஒருவர் அதைத் தூக்கிப் பிரித்துப் பார்த்தார், கைதவற விட்டார். தோள்மூட்டோடு பிடுங்குப்பட்ட ஒரு கை சீமெந்துத் தரையில் விழுந்தது. விரல்கள் பாதி மடிந்திருந்தன. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் உடையாமல் இருந்தன. நீ காய்ச்சல் கண்களால் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, பொம்மையோ?" என்று கேட்டாய். நான் உன் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன்.

அவளுடைய பெயர் மாரியாயி. அவளுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்து, அங்கிருந்தும் ஷெல்லுக்கு ஓடி வவுனியாவுக்கு வந்தவர்கள். தாயும் தகப்பனும் வழியிலேயே இறந்துபோனார்கள். நீ வாட்டில் படுத்திருந்த நாட்களில் நான் அடுத்த வாட்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கண் விழித்ததும் அவள் என்னை நேர்ஸ் என்று நினைத்து, "எங் கைய என்னாங்கம்மா செஞ்சாங்க? பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்கம்மா. நாயி கீயி இழுத்துட்டுப் போயிரக் கூடாது" என்றாள். நான் போய்க் கேட்டேன். பின்பக்கத்தில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டோம் என்றார்கள். வந்து சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

அவளைத் தூக்கி வந்தவன் தவம், அவள் வேலை செய்த அரிசி மில்லின் என்ஜின் ஓட்டுநர். நடந்ததை அவன் எனக்குச் சொன்னான். என்ஜினிலிருந்து அரிசி தீட்டும் இயந்திரத்துக்குப் போகும் பெரிய பெல்ற்றுக்குக் கம்பிவலை மூடி ஒன்று இருந்திருக்கிறது. பெல்ற் அடிக்கடி கழன்றதால், என்ஜினை நிறுத்தாமலே மாட்டலாம் என்று முதலாளி அந்த மூடியைக் கழற்றி மூலையில் போடச் சொல்லியிருக்கிறார். ஓடும் பெல்ற்றுக்குக் கீழே குனிந்து தவிடு கூட்டுவது மாரியாயியின் வேலை. பெல்ற் சேலைத் தலைப்பை இழுத்தது, கையை இழுத்தது. "நான் என்ஜினை நிப்பாட்ட ஓடினனான் அக்கா. நிப்பாட்ட முந்தி அவளைச் சுவரோடை ரெண்டு தரம் அடிச்சுப் போட்டுது. கை கழண்டதாலைதான் ஆள் தப்பினது" என்றான்.

நான் மில்லுக்கு, முதலாளியிடம் போனேன். வழக்கென்று போகவில்லை, நியாயமாக ஏதாவது செய்வார் என்றுதான் போனேன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, உன் காய்ச்சல் எப்படி என்றுகூட விசாரித்தார். மூலையில் கிடந்த கம்பிவலை அப்போது பெல்ற்றின் மேலே ஏறியிருந்தது. புது ஆணிகள் மினுங்கின. "அது அவளின்ரை கவலையீனம் தங்கச்சி. சேலையை ஒழுங்காச் செருகத் தெரியாதே? அதோடை அவள் என்ரை வேலையாளும் இல்லை. உமி பொறுக்க வாற ஒருத்தி" என்றார். மூன்று வருசமாக அங்கே வேலை செய்தவள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்கள் நல்ல குடும்பத்து ஆக்கள். இந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்காக ஏன் வீணா? சின்னப் பிள்ளையும் இருக்கு" என்றார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறவே இல்லை, தம்பி. தேத்தண்ணி குடியுங்கோ என்று சொன்ன அதே குரல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். அந்த மனிதரும் வீட்டில் நல்ல தகப்பன், கோயிலுக்கு நெல் கொடுக்கிறவர். ஒருவன் விழுந்து கிடக்கும்போது அவன் என்ன பிழை விட்டான் என்று முதலில் தேடினால், பலகையைக் கட்டியது யார், மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் முப்பது வருசமாகச் செய்த தொழில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பது மட்டும்தான். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. அவனுடைய கட்டிலடியில் இரு. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அந்தப் பலகையை யார் கட்டினார்கள் என்று நீயே போய்ப் பார். பிறகு கம்பனிக்கு என்ன சொல்வதென்று உன் மனமே சொல்லும்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட்டேன். அவள் வேலையாள்தான் என்று சொல்ல எனக்கிருந்த ஒரே சாட்சி தவம். அழைப்பாணை போன கிழமையே அந்தக் குழுவின் பெடியள் அவனை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் நெளுக்குளம் பக்கத்து வாய்க்காலுக்குள் கிடந்தான். உயிர் இருந்தது. இரண்டு கை விரல்களையும் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்திருந்தார்கள். நான் போனபோது கைகள் இரண்டும் துணிப் பொட்டலம் போலிருந்தன. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. என்னாலை கோட்டுக்கு வரேலாது" என்றான். ஏதோ வாக்குத் தவறியவன் போல என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மன்னார்ப் பக்கம் போய்க் கடல் தாண்ட வள்ளம் ஏறிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் உயிரோடு கரை சேர்ந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா அன்று என்னிடம், "வழக்கை விடப்போறீரோ?" என்று கேட்டார். தெரியேல்லை என்றேன். "விட்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். விடாட்டிலும் சொல்லமாட்டன்" என்றார். உன் மனைவியோடு கருத்து வேறுபடுகிற நாளில் இந்த வசனத்தை நினைத்துக்கொள்.

நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா ரியூசன் படிப்பிக்கப் போயிருந்தார். நீ அறைக்குள் பாயில் நித்திரை. மாரியாயி வாக்குமூலம் சொல்ல வந்திருந்தாள். தேத்தண்ணி தான் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் நின்றாள். படலையைத் தள்ளிக்கொண்டு மூன்று பெடியள் வந்தார்கள். இரும்புக் கம்பிகள். ஒருவன் மேசையை அடித்து உடைத்தான். ஒருவன் அலுமாரிக் கண்ணாடியை நொறுக்கினான். மூன்றாமவன் என் எதிரே வந்து நின்று, "வழக்கை எடுக்கிறியோ, இல்லையோ?" என்று கேட்டான். நான் பதில் சொல்ல வாய் திறக்கும் முன்பே கம்பி வந்தது. தலைக்குக் குறுக்கே கையைக் கொடுத்தேன். முழங்கை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த விறகு முறிகிற மாதிரி. விழுந்துவிட்டேன். அவன் மறுபடி ஓங்கினான், இந்த முறை தலைக்கு. உள்ளே நீ அழத் தொடங்கிவிட்டாய். ஒருவன் அறைப் பக்கம் திரும்பினான்.

அப்போது மாரியாயி குசினியிலிருந்து வந்தாள். சத்தம் போடவில்லை. கொதித்த கேத்திலை ஒற்றைக் கையால் தூக்கி வந்து, ஓங்கி நின்றவனுடைய முகத்தில் மூடியோடு எறிந்தாள். அந்த அலறலை நான் எப்படி எழுதுவது? அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதி, கண்ணாடித் துண்டுகளுக்கு மேலே விழுந்து உருண்டான். கையை எடுத்தபோது கன்னத்துத் தோல் கையோடு வந்தது. மாரியாயி கீழே கிடந்த கம்பியை எடுத்து அறை வாசலில் நின்றாள். "புள்ளகிட்ட வந்தீங்க, கொன்னுபுடுவேன்" என்றாள். அவள் செய்திருப்பாள். அது அவர்களுக்கும் தெரிந்தது. விழுந்தவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் உன்னை இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு றோட்டுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டாள். நீ இன்று கூறைச் சேலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அதனால்தான்.

கை முழங்கையில் வளைந்தபடியே பொருந்திவிட்டது. கதை ஊரெல்லாம் பரவ, காயப்பட்டவர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். மரம் அரியும் மரக்காலையில் விரல் போனவர்கள், உழவு இயந்திரம் புரண்டு கால் நசிந்தவர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் பாஸ் எடுத்து வந்தார், பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு வெடித்து முழங்கால் சிதறியவர். பூநகரிக் கடலில் மீன்தொழில் செய்த ஒருவர் ஊன்றுகோலோடு வந்து, "பிள்ளை, ஷெல் விழுந்து கால் போனதுக்கு வழக்குப் போடேலுமோ?" என்று கேட்டார். எதிராளி யார் என்று கேட்டேன். "அதை ஆர் கண்டது? மேலையிருந்து வந்தது" என்றார். நான் படித்த எந்தச் சட்டத்திலும் அவருக்கு இடமில்லை. அப்படிச் சொல்லி அனுப்ப மனமும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு வாங்கி, எல்லோரையும் அங்கே வரச் சொன்னேன். வழக்கு உள்ளவருக்கு வழக்கு. இல்லாதவருக்குச் செயற்கைக் கால், ஊன்றுகோல், ஒரு வேலைக்கு யாரிடமாவது கதைப்பது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிளேன்ரீ, பாலில்லாத வெறும் தேத்தண்ணி. மாரியாயிதான் வாசலில் நின்று வருகிறவர்களை இருத்துவாள். கிழமை நாட்களில் நாங்கள் மில் மில்லாகப் போய், பெல்ற்றுக்கு மூடி போடச் சொல்லிக் கேட்டோம். சிலர் போட்டார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

வழக்கு தவணை மேல் தவணையாக வருசங்களை இழுத்தது. ஒரு ஞாயிறு, மெலிந்த தாய் ஒருவர் மகனைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். அவனுடைய முகத்தின் ஒரு பக்கம் மெழுகு உருகி இறுகியது போலிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் இல்லை. அவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தான். அன்று என் தலைக்குக் கம்பி ஓங்கியவன். "வெளியில போ" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தாய் என் காலில் விழப் போனார். "இவனைப் பள்ளிக்கூடத்தாலை வரேக்கை பிடிச்சுக்கொண்டு போனவங்கள் பிள்ளை. கண் போன உடனை குப்பை மாதிரி எறிஞ்சிட்டாங்கள். இவனுக்கு ஒரு வேலையும் ஒருத்தரும் குடுக்கினமில்லை" என்றார். அவன் பெயர் சீலன். மாரியாயி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். "கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள். "ஒண்டு தெரியும்" என்றான். "எனக்கும் கை ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு கதிரையைக் காட்டினாள்.

பல ஞாயிறுகள் அவன் வாய் திறக்காமல் வந்து போனான். பிறகு ஒருநாள் தானாக என்னிடம் வந்தான். தங்களை அனுப்பிய அன்று முதலாளி நேரே வந்து சொன்னதாகச் சொன்னான்: "என்ரை மில்லில மூண்டு வருசம் வேலை செய்தவள் என்னையே கோட்டுக்கு இழுக்கிறாள்." இவ்வளவு காலமும் எனக்குக் கிடைக்காத சாட்சி அதுதான். நான் அவனைக் கோட்டுக்கு வா என்று கேட்கவில்லை. அவன் வருகிறேன் என்றபோது என்ன நடக்கலாம் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். "தெரியும் அக்கா. நானும் அவங்களோடை இருந்தனான்தானே" என்றான். சாட்சிக் கூண்டில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அவனை ரவுடி என்றார், கொலைகாரன் என்றார். கடைசியில், "உம்முடைய முகத்தை இப்படி ஆக்கியது யார்?" என்று கேட்டார். "அங்கை இருக்கிறா, அவா." "அப்படியென்றால் அவருக்காக ஏன் வந்து சொல்லுகிறீர்?" சீலன் சட்டத்தரணியை நேரே பார்த்தான். "முதலாளி என்ன சொன்னவர் எண்டு கேட்டீங்கள். அவர் சொன்னதைத்தான் சொன்னனான்" என்றான். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

தீர்ப்புக்கு முன்பே அவனைச் சுட்டுவிட்டார்கள். காலையில், சனம் நிறைந்த பஸ் நிலையத்தில், தாய்க்குப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும்போது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தலையில் இரண்டு வெடி வைத்துவிட்டு ஆறுதலாகவே போனார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது பாண் இரத்தத்தில் ஊறிக் கிடந்தது. யாரும் எதையும் காணவில்லை என்றார்கள். செத்தவீட்டுக்கு அயலில் ஒருவரும் வரவில்லை, பயம். ஞாயிறு மண்டபத்து ஆட்கள்தான் வந்தார்கள். ஊன்றுகோல்களோடும் கட்டைக் கால்களோடும் நடந்து வந்து, முறை வைத்துப் பாடை தூக்கினார்கள். இரண்டு தரம் இறக்கி வைத்து இளைப்பாறித்தான் சுடலைக்குப் போனார்கள். அவனை வரவிடாமல் தடுத்திருக்கலாமே என்று நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தடுத்திருந்தால் அவன் என்னை மன்னித்திருப்பானா என்றும் யோசித்திருக்கிறேன். நியாயம் கேட்பது செலவில்லாத வேலை என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே.

வழக்கை வென்றோம். அவள் வேலையாள்தான், பெல்ற்றை மூடாமல் விட்டது முதலாளியின் குற்றம்தான் என்று நீதிபதி வாசித்தார். கவலையீனம் என்ற அதே சொல்லை, இந்த முறை, முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். மாரியாயி சிரிக்கவில்லை. "இத அந்தத் தம்பி கேக்கலியேம்மா" என்று மட்டும் சொன்னாள். கிடைத்ததைக் கொண்டு பம்பைமடுப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினாள். அதற்குப் பிறகு நகரத்து மில்களில் மூடியில்லாத பெல்ற்றை நான் காணவில்லை.

தீர்ப்புக்கு அடுத்த ஞாயிறு சீலனின் தாய் மண்டபத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மிதிவெடியில் கால் போன ஒருவர் அன்றுதான் புதிதாக வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எங்கை காயம்?" என்று கேட்டார். அந்தத் தாய் தன் கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். மாரியாயி எழும்பி, தன்னுடைய கதிரையை அவர் பக்கமாக இழுத்து வைத்தாள்.

"அண்ணே, அத இப்ப கேக்காதீங்க. அவங்க மொதல்ல உக்காரட்டும்" என்றாள்.

அம்மா